நியூ ட்ரிக்ஸ்: ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களும் தீராத வழக்குகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிபிசியின் 'நியூ ட்ரிக்ஸ்' தொடரைப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பாதி சந்தேகம் கதாபாத்திரங்களைப் பற்றியது, மீதி இங்கிலாந்துச் சட்டத்தைப் பற்றியது. அந்தச் சட்டம் கொஞ்சம் பிடிபட்டால்தான் அன்று வழக்கு ஏன் கெட்டது, இன்று ஏன் முடிகிறது என்பது விளங்கும். தொடரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கதையின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும் இடம் ஒன்றே ஒன்று. அதை அந்தக் கேள்வியிலேயே குறித்திருக்கிறோம்.

இது எதைப் பத்தின சீரியல்? சுருக்கமா சொல்லுங்க.

லண்டன் பெருநகரக் காவல்துறையில் தீராமல் கிடக்கும் பழைய வழக்குகளை மறுபடி எடுத்து விசாரிக்கும் ஒரு சின்னப் பிரிவின் கதை. பிரிவின் பெயர் யூகோஸ். பணியில் இருக்கும் ஒரு பெண் அதிகாரி தலைமை தாங்குகிறார், ஓய்வுபெற்ற மூன்று துப்பறிவாளர்கள் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். தொடரை உருவாக்கியவர்கள் ராய் மிட்செல், நைஜல் மெக்ரெரி.

கிழவர்கள் அடிக்கும் லூட்டி என்று இதைச் சொல்லிவிடுவது பாதிதான் சரி. சிரிப்பு நிறைய உண்டு. ஆனால் அந்த வழக்குகளில் பல தீராமல் போனதற்குக் காரணம் இவர்கள் தலைமுறைப் போலீஸின் சோம்பல், முன்முடிவு, லஞ்சம். ஓய்வுபெற்றவர்கள் திரும்பி வந்து தங்கள் காலத்துக் கணக்கைத் தாங்களே பார்க்க வேண்டியிருக்கிறது.

மொத்தம் எத்தனை எபிசோட்? எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

2003 மார்ச் 27 அன்று ஒன்றரை மணி நேர முன்னோட்டப் படமாக வந்தது. 2004 ஏப்ரலில் முதல் சீசன். 2015 அக்டோபர் 6 அன்று 12ஆவது சீசனோடு முடிந்தது. முன்னோட்டத்தையும் சேர்த்து 107 எபிசோட்கள். முதல் சீசனில் 6, இரண்டு முதல் ஆறு வரை தலா 8, ஏழு முதல் பன்னிரண்டு வரை தலா 10.

முன்னோட்டத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். சில தொகுப்புகளில் அது தனியாகவோ கடைசியிலோ கிடக்கும், தேடி எடுங்கள். அதைப் பார்க்காமல் போனால் சாண்ட்ரா ஏன் இந்தப் பிரிவுக்கு வந்தார் என்பதே தெரியாது. பணயக்கைதியை மீட்கப் போன ஒரு நடவடிக்கை சொதப்பி, அதில் அவர் ஒரு நாயைச் சுட்டுவிட, பெயர் கெடுகிறது. யூகோஸ் அவருக்குப் பதவி உயர்வாக வரவில்லை, தண்டனையாக வந்தது. அதன் பிறகு எபிசோட்கள் பெரும்பாலும் தனித்தனிக் கதைதான், ஆனாலும் வரிசையாகப் பாருங்கள். சொந்த வாழ்க்கைச் சரடுகள் பல சீசன்களுக்கு நீள்கின்றன.

நாலு பேர்ல யார் போலீஸ், யார் இல்ல?

போலீஸ் ஒருவர்தான்: டிடெக்டிவ் சூப்பரின்டென்டென்ட் சாண்ட்ரா புல்மேன் (அமாண்டா ரெட்மேன்). மற்ற மூவரும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட பொதுமக்கள். அதிகார அட்டை அவர்களிடம் கிடையாது.

ஜாக் ஹால்ஃபோர்ட் (ஜேம்ஸ் போலம்) டிடெக்டிவ் சீஃப் சூப்பரின்டென்டென்டாக ஓய்வுபெற்றவர், ஒரு காலத்தில் சாண்ட்ராவுக்கே மேலதிகாரி. பிரையன் லேன் (அலன் ஆம்ஸ்ட்ராங்) முன்னாள் இன்ஸ்பெக்டர். ஜெர்ரி ஸ்டாண்டிங் (டென்னிஸ் வாட்டர்மேன்) முன்னாள் சார்ஜென்ட். பழைய மேலதிகாரி இப்போது கீழே உட்கார்ந்திருக்கிறார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஜாக் வாயைத் திறக்காமல் இருக்கும் காட்சிகளுக்குக்கூட ஒரு கனம் வரும்.

சூப்பரின்டென்டென்ட்னா நம்ம ஊர் எஸ்.பி. மாதிரியா? அப்ப எதுக்கு நாலு பேர் ஆபீஸ்ல உக்காந்திருக்காங்க?

பெயர் ஒன்று, வேலை வேறு. நம் எஸ்.பி. ஒரு மாவட்டத்துக்கே தலைவர், லண்டனில் அப்படி இல்லை. அங்கே வரிசை இப்படிப் போகும்: கான்ஸ்டபிள், சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர், சீஃப் இன்ஸ்பெக்டர், சூப்பரின்டென்டென்ட், சீஃப் சூப்பரின்டென்டென்ட், கமாண்டர், டெபுடி அசிஸ்டென்ட் கமிஷனர், அசிஸ்டென்ட் கமிஷனர், டெபுடி கமிஷனர், கமிஷனர். முன்னால் வரும் 'டிடெக்டிவ்' என்பது எந்தப் பிரிவு என்பதைக் காட்டுமே தவிர, அதனால் ரேங்க் கூடாது.

ஆனாலும் சூப்பரின்டென்டென்ட் ஒருவருக்கு மூன்றே பேர் கொண்ட பிரிவு என்பது அவமானம்தான். தொடர் அதைத் தெரிந்தேதான் செய்கிறது. சாண்ட்ராவுக்கு மேலே டெபுடி அசிஸ்டென்ட் கமிஷனர் ராபர்ட் ஸ்ட்ரிக்லாண்ட் (அந்தோணி காஃப்). அவர் அறைக்குள் நுழைந்தாலே பின்னால் அரசியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிட்டயர்டுன்னு சொல்றாங்க, அவ்வளவு வயசான மாதிரி தெரியலையே?

இவர்கள் காலத்துப் பிரிட்டிஷ் போலீஸ் ஓய்வூதியத் திட்டத்தில் 30 ஆண்டு பணி முடித்தால் முழு ஓய்வூதியம். இருபது வயதில் சேர்ந்தவர் ஐம்பதில் வெளியே வந்துவிடலாம், கையில் பெரிய தொகையும் கிடைக்கும். உடம்பும் மூளையும் நன்றாக இருக்கும்போதே வேலை போய்விடுகிறது. நிஜத்திலும் இப்படி வந்தவர்கள் பலர் சிவில் பணியாளர்களாகத் திரும்பிப் போய்ப் பழைய வழக்குகளை மறுஆய்வு செய்கிறார்கள். தொடரின் கற்பனை அந்த நிலத்தில் முளைத்ததுதான்.

இந்த மூவரும் முப்பது வருடத்தை நிம்மதியாக முடித்து மாலையோடு வந்தவர்கள் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரையன் தள்ளப்பட்டு வெளியே வந்தவர். ஜெர்ரி லஞ்ச சந்தேகத்தின் நிழலில் விலகியவர்.

யாருமே துப்பாக்கி வெச்சிருக்கலையே?

இங்கிலாந்தில் சாதாரணப் போலீஸார் துப்பாக்கி ஏந்துவதில்லை. தனிப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் மட்டுமே ஏந்துவார்கள். அதனால்தான் முன்னோட்டத்தில் அந்த ஒரு குண்டு அவ்வளவு பெரிய விவகாரமாகிறது.

ஜாக் ராத்திரியில தோட்டத்துல யார்கிட்ட பேசிட்டிருக்கார்?

இறந்துபோன மனைவி மேரியிடம். ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனதில் மேரி இறந்தார். தோட்டத்தில் அவருக்கு ஒரு நினைவிடம் அமைத்து, அன்றன்றைய வழக்கை ஜாக் அங்கே உட்கார்ந்து சொல்கிறார். கையில் ஒரு கோப்பை இருக்கும். இது கனவோ பேயோ இல்லை, அவர் மூளையும் கலங்கவில்லை. அந்தக் காரை ஓட்டியவர் என்று ஜாக்கின் சந்தேகம் விழுவது ரிக்கி ஹான்சன் என்ற தாதாமேல். அந்தப் பகை பல சீசன்களுக்கு ஓடுகிறது. ஹான்சன் பெயர் வரும் எபிசோட்களை மட்டும் தவறவிடாதீர்கள்.

பிரையனுக்கு எல்லா கேஸும் மனப்பாடமா இருக்கே, அது நம்புற மாதிரியா? கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு?

பிரையன் குடியிலிருந்து மீண்டவர். சின்னச் சின்ன விஷயங்களை விடாமல் பிடித்துக்கொள்ளும் மனம். தன் பொறுப்பில் இருந்தபோது காவலில் இறந்த அந்தோணி கே என்பவரின் வழக்கு அவரை விடவே இல்லை. அவர் வேலை போனதும் அதனால்தான். நினைவாற்றல் அவருக்கு வரம், அதே அளவுக்கு நோயும்கூட. ஆம்ஸ்ட்ராங் அந்த இரண்டையும் ஒரே முகத்தில் காட்டுவதுதான் இந்தத் தொடரின் ஆகச் சிறந்த நடிப்பு.

கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1970களின் பெரிய விசாரணைகள் எல்லாமே காகித அட்டைகளில் நடந்தன. யார்க்ஷையரில் பல பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃப் பிடிபடுவதற்கு முன் போலீஸார் அவரை ஒன்பது தடவை விசாரித்திருந்தார்கள். ஒரு அட்டையில் இருந்தது இன்னொரு அட்டையில் இருந்ததோடு சேரவே இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் 1980களின் நடுவில் 'ஹோம்ஸ்' என்ற கணினி முறை வந்தது. யூகோஸுக்கு வரும் வழக்குகளில் பல ஹோம்ஸுக்கு முந்தையவை. அட்டைகளோடு போன தொடர்புகளை எடுத்துத் தர பிரையனின் தலைதான் இருக்கிறது. அதனால் இது வெறும் வேடிக்கைக் குணம் இல்லை, கதைக்குத் தேவையான கருவி.

ஆரம்பப் பாட்டைப் பாடறது யாரு?

ஜெர்ரியாக நடிக்கும் டென்னிஸ் வாட்டர்மேனேதான். எழுதியவர் மைக் மோரன். வாட்டர்மேன் 1970களில் 'தி ஸ்வீனி' தொடரில் அடிதடி சார்ஜென்டாக நடித்து இங்கிலாந்து முழுக்கத் தெரிந்தவர். அந்தக் காலத்துப் போலீஸின் முகமாகவே மக்கள் மனத்தில் பதிந்தவரை வயதான சார்ஜென்டாக உட்கார வைத்தது சரியான தேர்வு. 2022 மே மாதம் காலமானார்.

யூகோஸ்னு ஒரு பிரிவு நிஜமாவே இருக்கா?

அந்தப் பெயரில் இல்லை. ஆனால் பழைய கொலை வழக்குகளை மறுஆய்வு செய்யும் குழுக்கள் இங்கிலாந்தின் பல காவல்துறைகளில் உண்டு, ஓய்வுபெற்றவர்களும் அவற்றில் வேலை செய்கிறார்கள்.

பெரிய வித்தியாசம் வேலையின் வரிசையில்தான். நிஜத்தில் மறுஆய்வு கிடங்கில் தொடங்குகிறது: என்னென்ன சான்றுப் பொருள் மிச்சம் இருக்கிறது, உறை பிரிக்கப்பட்டதா, யார் யார் கையெழுத்திட்டு எடுத்தார்கள். அதன் பிறகு ஆய்வகம். சாட்சி வீட்டுக் கதவைத் தட்டுவது அநேகமாகக் கடைசியில். தொடரில் முதல் பத்து நிமிடத்திலேயே கதவைத் தட்டுகிறார்கள். நாடகத்துக்கு மனித முகம் வேண்டும், கிடங்கு அலமாரி போதாது.

முப்பது வருஷம் கழிச்சு கேஸ் போட முடியுமா? காலாவதி ஆகாதா?

ஆகாது. இங்கிலாந்தில் கொலை, வன்புணர்வு, கொள்ளை போன்ற கடுங்குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை. கீழ்க்கோர்ட்டில் மட்டும் விசாரிக்கப்படும் சிறு குற்றங்களுக்குத்தான் பொதுவாக ஆறு மாதம். எனவே ஒரு எபிசோடில் கொலை நிரூபணமாகாமல் அதோடு ஒட்டிய சின்னக் குற்றம் மட்டும் தெரியவந்தால், அதை விட்டுவிடுவது சட்டப்படி சரிதான், கதையின் ஓட்டை இல்லை.

காலவரம்பு இல்லை என்பதற்காக எல்லா வழக்கும் நிற்கும் என்றும் இல்லை. தாமதத்தால் நியாயமான விசாரணையே நடக்க முடியாது என்று குற்றம் சாட்டப்பட்டவர் காட்டினால், நீதிபதி வழக்கை நிறுத்திவைக்கலாம். சாட்சி இறந்திருப்பது, அன்றைய குறிப்பேடு தொலைந்திருப்பது போன்றவை இங்கேதான் அடிக்கும். வழக்குத் தொடுப்பதைத் தீர்மானிப்பதும் போலீஸ் இல்லை, 1986இல் இயங்கத் தொடங்கிய அரசு வழக்குத்துறை. சான்று தண்டனைக்குப் போதுமா, தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததா என்ற இரண்டு படிகளைத் தாண்ட வேண்டும். அதற்கு முன்பு போலீஸே பெரும்பாலான வழக்குகளை நடத்தியது. 1970களின் கோப்புகளில் பல விஷயங்கள் மேசைக்கடியில் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜெர்ரி ஒருத்தனை மடக்கிப் பிடிக்கிறாரே, அவருக்குக் கைது பண்ற பவர் உண்டா?

போலீஸ் அதிகாரம் இல்லை. ஆனால் இங்கிலாந்தில் எந்தக் குடிமகனும் கடுங்குற்றம் செய்கிறவரையோ செய்தவரையோ பிடித்து வைக்கலாம். 2006 முதல் அதற்கு நிபந்தனைகள் தெளிவாக இருக்கின்றன: அவர் ஓடிவிடுவார், யாரையாவது காயப்படுத்துவார், பொருளைச் சேதப்படுத்துவார் என்பது போன்ற தேவை இருக்க வேண்டும், போலீஸ்காரர் வந்து கைது செய்ய நேரமும் இருக்கக்கூடாது. ஜெர்ரி தெருவில் துரத்திப் பிடிப்பது இதற்குள் அடங்கும். வீட்டில் அமைதியாக உட்கார்ந்திருப்பவரை அவர் கைது செய்ய முடியாது. கவனித்துப் பாருங்கள், அப்படிப்பட்ட இடங்களில் கைது வாசகத்தைச் சொல்வது பெரும்பாலும் சாண்ட்ராதான்.

2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சிவில் பணியாளர்களைப் புலனாய்வு அலுவலர்களாக நியமித்துச் சில அதிகாரங்களைத் தரக் காவல்துறைத் தலைவருக்கு இடம் கொடுக்கிறது. தொடர் இதைப் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. அட்டை இல்லாததால் கதவிலேயே வாய்ச்சாமர்த்தியம் காட்ட வேண்டியிருக்கிறதே, அந்தச் சுவைக்காகத்தான்.

"எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது"ன்னு அடிக்கடி சொல்றாங்களே, அப்படி என்ன மாறிப்போச்சு?

தொடர் முழுக்க ஓடும் கோடு இதுதான். 1986 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்த 'பேஸ்' என்ற சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. அதற்கு முன் விசாரணைக்கு நீதிபதிகளின் விதிகள் என்ற வழிகாட்டல் மட்டுமே. அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குப் போலீஸ்காரரின் குறிப்பேடுதான் சாட்சி, சந்தேக நபர் சொல்லாததையும் அதில் எழுதலாம். பேஸ் வந்த பிறகு விசாரணை ஒலிநாடாவில் பதியப்படுகிறது. இலவச வக்கீல் உண்டு. காவலில் வைப்பது 24 மணி நேரம், கடுங்குற்றத்தில் சூப்பரின்டென்டென்ட் 36 மணி வரை நீட்டலாம், அதற்கு மேல் 96 மணி வரை போக நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். விசாரணையில் தொடர்பில்லாத காவல் அதிகாரி ஒருவர் கைதியின் நலனுக்குப் பொறுப்பு.

ஜாக்கும் ஜெர்ரியும் பயின்றது பழைய முறையில். அதே காலத்தில் லண்டன் துப்பறியும் பிரிவில் லஞ்சம் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், 1972இல் கமிஷனரான ராபர்ட் மார்க் அதை ஒழிக்கவே தனிப் பிரிவு தொடங்கினார். 1978இல் வெளியூர்ப் போலீஸாரைக் கொண்டு 'ஆப்பரேஷன் கன்ட்ரிமேன்' என்ற விசாரணையும் நடந்தது. ஜெர்ரி மேல் விழும் சந்தேகத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். அவர் சுத்தமா இல்லையா என்று தொடர் நம்மை நெடுநாள் காக்க வைப்பது வேண்டுமென்றே செய்ததுதான்.

கடைசி அஞ்சு நிமிஷத்துல கொலைகாரர் வரவேற்பறையில உக்காந்து எல்லாத்தையும் ஒத்துக்கிறார். கோர்ட்ல அது செல்லுமா?

தொடரின் பலவீனமான இடம் இதுதான். இந்தியாவில் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது, இங்கிலாந்தில் ஆகும். அதனால்தான் பிரிட்டிஷ் துப்பறிவாளர்கள் ஒப்புதலைத் தேடி அவ்வளவு பாடுபடுகிறார்கள். ஆனால் அதற்கு விதி உண்டு. ஒருவர்மேல் சந்தேகம் கொள்ளக் காரணம் கிடைத்த உடனே எச்சரிக்கை வாசகத்தைச் சொல்ல வேண்டும்: எதுவும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பின்னால் நீதிமன்றத்தில் எதை நம்பி வாதாடப் போகிறீர்களோ அதை இப்போது கேட்கும்போது சொல்லாவிட்டால் உங்கள் தரப்புக்குக் கேடாகலாம், சொல்வது எதுவும் சான்றாகலாம். 'கேடாகலாம்' என்ற பகுதி 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்ந்தது.

கைது செய்ய முடிவெடுத்த பிறகு விசாரணை காவல் நிலையத்தில்தான் நடக்க வேண்டும், ஒரு சில விலக்குகள் தவிர. மிரட்டிப் பெற்ற ஒப்புதலை நீதிபதி ஏற்கவே கூடாது, நியாயமற்ற முறையில் கிடைத்ததை விலக்கவும் அவரால் முடியும். "நாங்கதான் போலீஸ் இல்லையே, விதி எங்களுக்கு எதுக்கு" என்றும் தப்ப முடியாது. குற்றங்களை விசாரிக்கும் கடமையுள்ள எவரும் இந்த விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்று பேஸ் சட்டமே சொல்கிறது. ஆகவே வரவேற்பறை வாக்குமூலத்தை வழக்கின் முடிவாக எடுக்காதீர்கள். அதன் பிறகு நிலையத்தில், வக்கீல் பக்கத்தில் இருக்க, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். அங்கே அவர் வாயை மூடிக்கொண்டால் மற்ற சான்றுகள்தான் பேச வேண்டும்.

டி.என்.ஏ. வந்தபிறகு எல்லா கேஸும் ஒரே நாள்ல முடிஞ்சிடாதா?

பொருள் கெடாமல் கிடைத்தால்தான். அலெக் ஜெஃப்ரீஸ் லெஸ்டரில் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டது 1984இல். தேசியத் தரவுத்தளம் வந்தது 1995இல். அப்போது டி.என்.ஏ.வில் ஆறு இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 1999இல் பத்து, 2014இல் பதினாறு, ஆணா பெண்ணா என்று காட்டும் இடம் தனி. இந்த முறை வருவதற்கு முந்தைய விசாரணைகளில் யாரும் டி.என்.ஏ.வை நினைத்துப் பொருளை எடுத்து வைக்கவில்லை. கையுறை இல்லை. சந்தேக நபரின் சட்டையும் இறந்தவரின் சட்டையும் ஒரே அறையில் கிடந்திருக்கும்.

அதனால் நீதிமன்றத்தில் சண்டை 'இது அவருடையதா' என்பதில் நடப்பதில்லை, 'இது எப்படி இங்கே வந்தது' என்பதில்தான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது கலப்படத்தைப் பற்றி. யூகோஸில் ஆதாரப் பெட்டியை மேசைமேல் கொட்டிக் கையால் புரட்டும் காட்சிகள் உண்டு. நிஜத்தில் அந்த ஒரு செயலே வழக்கைக் கொன்றுவிடும்.

ஒருத்தர் விடுதலை ஆயிட்டா மறுபடி அதே கொலைக்கு விசாரிக்க முடியாதுன்னு ஒரு எபிசோட்ல, முடியும்னு இன்னொண்ணுல. எது சரி?

இரண்டும் சரி, எப்போது என்பதைப் பொறுத்து. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணை கூடாது என்பது இங்கிலாந்தில் நூற்றாண்டுகள் பழைய விதி. 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் அதைத் தளர்த்தியது, 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முன்னோட்டமும் முதல் சீசனும் பழைய விதியின் காலத்தவை.

புதிய முறையிலும் எளிதில்லை. கொலை போன்ற மிகக் கடுமையான குற்றமாக இருக்க வேண்டும், சான்று புதியதாகவும் வலுவாகவும் இருக்க வேண்டும், அரசு வழக்குத் தலைவர் சம்மதித்து, மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய விடுதலையை ரத்து செய்ய வேண்டும். 1989இல் கொலையுண்ட மகளுக்காக ஆன் மிங் என்ற தாய் ஆண்டுக்கணக்காகப் போராடியது இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம். 2006இல் புதிய விதியின்கீழ் முதலில் தண்டனை பெற்றவர் அவர் மகளைக் கொன்றவர்தான்.

லண்டனில் 1993இல் இனவெறியர்கள் கொன்ற ஸ்டீபன் லாரன்ஸின் வழக்கும் இதனால்தான் திரும்பியது. 1996இல் விடுதலையான ஒருவரின் ஜாக்கெட் காலரில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ரத்தக் கறை பிற்பாடு கிடைத்தது. மேலே சொன்ன கலப்படக் கேள்வியைத்தான் எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. ஜூரி அதை ஏற்கவில்லை. 2012 ஜனவரியில் இருவருக்குத் தண்டனை.

தப்பா ஜெயிலுக்குப் போனவரை யூகோஸ் வெளியே எடுத்துவிடற மாதிரி வருது. அவங்களால முடியுமா?

அவர்களால் சான்றைக் கண்டுபிடிக்க முடியும், தீர்ப்பை மாற்ற முடியாது. தண்டனையை ரத்து செய்வது மேல்முறையீட்டு நீதிமன்றம். சாதாரண மேல்முறையீட்டு வாய்ப்பெல்லாம் முடிந்த வழக்குகளை அங்கே அனுப்ப 1997 முதல் தனி ஆணையம் ஒன்று இயங்குகிறது. குண்டுவெடிப்பு வழக்குகளில் 1975இல் தவறாகத் தண்டனை பெற்ற கில்ட்ஃபோர்ட் நால்வர் 1989இலும் பர்மிங்ஹாம் அறுவர் 1991இலும் விடுதலையானதன் பின்விளைவு அந்த ஆணையம். எபிசோடின் முடிவில் ஒருவர் சிறை வாசலில் நிற்பது இந்த மாதக்கணக்கான நடைமுறையைச் சுருக்கியது.

ஸ்டீவ் ஏன் லண்டன் சட்டத்துல அடிக்கடி தடுமாறுறார்?

பின்னாளில் யூகோஸில் சேரும் ஸ்டீவ் மெக்ஆண்ட்ரூ (டெனிஸ் லாசன்) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்து வந்தவர். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம்: ஜூரியில் 12 பேருக்குப் பதில் 15 பேர், முக்கிய உண்மைகளுக்கு இரண்டு தனித்தனி மூலங்களில் இருந்து சான்று, இவற்றோடு தொடர் வந்த காலத்தில் 'நிரூபிக்கப்படவில்லை' என்ற மூன்றாவது தீர்ப்பும் இருந்தது. அவர் எப்போதும் இரண்டாவது சாட்சியைத் தேடி அலைவதை அந்தப் பழக்கமாக எடுத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும்.

பழைய ஆளுங்க எல்லாம் போயிட்டாங்களாமே, அப்புறமும் பாக்கலாமா? (கதை தெரிய வேண்டாம் என்றால் இதைத் தாண்டிவிடுங்கள்)

ஜாக் 2012இல் ஒன்பதாவது சீசன் தொடக்கத்தில் உடல்நலம் கெட்டு விலகுகிறார். பிரையனும் சாண்ட்ராவும் 2013இல், பத்தாவது சீசனில். பிரையனின் விலகல் அந்தோணி கே வழக்கோடு சேர்ந்தே நடக்கிறது. ஜெர்ரி பன்னிரண்டாவது சீசனின் முதல் இரு பாகக் கதையோடு போகிறார். இடத்துக்கு ஸ்டீவ், டான் கிரிஃபின் (நிக்கோலஸ் லிண்ட்ஹர்ஸ்ட்), சாஷா மில்லர் (டாம்சின் ஔத்வெய்ட்), கடைசியில் டெட் கேஸ் (லாரி லாம்ப்) வருகிறார்கள்.

பார்க்கலாம், ஆனால் வேறு தொடராக நினைத்துப் பாருங்கள். முதல் எட்டு சீசன்களில் இருந்த அந்த உள்காயம், தங்கள் காலத்தையே விசாரிக்கும் குற்ற உணர்வு, பின்னால் குறைகிறது. வந்தவர்கள் இளையவர்கள், பேஸ் காலத்துப் போலீஸார். லிண்ட்ஹர்ஸ்டின் அடங்கிய நடிப்புக்காகவே பதினொன்றாவது சீசன் பார்க்கத் தகுந்தது.

அடிபட்டு பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் செத்துட்டா, அது கொலையா?

தாக்குதல் நடந்த தேதியைப் பாருங்கள். தாக்கிய நாளில் இருந்து ஓராண்டும் ஒரு நாளும் கடந்து இறந்தால் கொலை இல்லை என்ற பழைய விதி 1996 ஜூனில் நீக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் நடந்த தாக்குதல்களுக்கு அந்த விதியே இன்னும் பொருந்தும். 1985இல் அடிபட்டு 1995இல் இறந்தவரின் வழக்கை யூகோஸ் எடுத்தால், கொலைக் குற்றச்சாட்டு நிற்காது. 1996க்குப் பிந்தைய தாக்குதலில் காயத்துக்கும் சாவுக்கும் இடையே மூன்றாண்டுக்கு மேல் ஓடியிருந்தால், வழக்குத் தொடர அட்டர்னி ஜெனரலின் சம்மதம் தேவை.

கண்டுபிடிச்ச ஆளு ஏற்கெனவே செத்துப்போயிருந்தா? பல எபிசோட் அப்படித்தான் முடியுது.

இறந்தவர்மேல் இங்கிலாந்தில் வழக்குத் தொடர முடியாது. தீர்ப்பும் கிடையாது. காவல்துறை தன் முடிவைக் குடும்பத்திடம் சொல்லி, வேறு யாரையும் தேடவில்லை என்று கோப்பை மூடும். தொடரில் சாண்ட்ரா வயதான பெற்றோர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் காட்சிகள் இந்த நடைமுறைதான். எழுத்தாளர்களின் சுருக்குவழி என்று நினைக்க வேண்டாம்.

நிஜ வழக்கு ஒன்று: வேல்ஸின் போர்ட் டால்பட் பகுதியில் 1973இல் மூன்று இளம்பெண்கள் கொல்லப்பட்டார்கள். உடைகளில் இருந்து எடுத்த டி.என்.ஏ. தரவுத்தளத்தில் யாரோடும் பொருந்தவில்லை. பாதி பொருந்தும் ஆட்களைத் தேடியபோது கிடைத்த ஓர் இளைஞரின் தந்தைமேல் கவனம் போனது. அவர் பெயர் 1973 விசாரணையிலேயே சந்தேகப் பட்டியலில் இருந்தது. ஆனால் 1990இல் இறந்துவிட்டார். 2002இல் கல்லறையைத் தோண்டிப் பரிசோதித்து உறுதி செய்தார்கள். நீதிமன்றம் கூடவில்லை, யாருக்கும் தண்டனை இல்லை. மூன்று குடும்பங்களுக்கும் பதில் மட்டும் கிடைத்தது, 29 ஆண்டுகள் கழித்து.